வைஃபை சிப்பைத் தூங்கவைத்தல்: ஒரு டிரைவரில் மின்சேமிப்பு வசதிகளை இயக்கிய நிகழ்வு ஆய்வு

மடிக்கணினிகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (கணினிக்குள் அட்டைகளைச் செயலியோடு இணைக்கும் அதிவேகப் பாதை) வழியாக இணையும் ஒரு வைஃபை அட்டை. அதற்கான லினக்ஸ் டிரைவர், அதாவது அட்டையை இயக்கும் நிரல், பல ஆண்டுகளாக நிலையாக ஓடிக்கொண்டிருந்தது. சிப்பில் இருந்த மின்சேமிப்பு வசதிகளில் ஒன்றுகூட அதில் இயக்கப்படவில்லை. கணினியில் யாரும் எதையும் தொடாதபோதும் ரேடியோ முழு விழிப்பில் கேட்டுக்கொண்டே இருந்தது. இழப்பு அட்டையோடு நிற்கவும் இல்லை. அட்டைக்கும் செயலிக்கும் இடையிலான இணைப்பு எல்0 என்ற முழு இயக்க நிலையை விட்டு இறங்காவிட்டால், பல மடிக்கணினிகளில் செயலியும் தன் ஆழ்ந்த உறக்க நிலைகளை எட்ட முடியாது. சிறிய அட்டை ஒன்று கணினி முழுவதையும் விழித்திருக்க வைத்துக்கொண்டிருந்தது.

இதை மாற்றும் வேலைதான் இந்த ஆய்வின் பொருள். "பாதுகாப்பாக" என்ற நிபந்தனையை நாங்கள் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறது என்று யாராவது கேட்டால், முதலில் வரும் அறிவுரை "மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்" என்பதுதான். ஒருமுறை அணைத்தவர் திரும்ப இயக்குவதில்லை. ஆகவே அரைகுறையாக வெளியிடப்படும் மின்சேமிப்பு, வெளியிடாமலே இருப்பதைவிட மோசமானது என்பது என் உறுதியான கருத்து. ஏதெரோஸ் சிப்புகளுக்கான ஏத்9கே என்ற லினக்ஸ் டிரைவரில் மின்சேமிப்புக்கான நிரல் முழுமையாக இருக்கிறது. இருந்தும் இயல்பு நிலையில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. விரும்புபவர் டிரைவரை ஏற்றும்போது தனி அளவுரு கொடுத்துத்தான் இயக்க முடியும். அந்த எச்சரிக்கை வீணானதல்ல.

மூன்று தரப்பு, மூன்று ஒப்பந்தம்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மின்சேமிப்பு ஒரே பொத்தான். உள்ளே அது ஒன்றையொன்று சாராத மூன்று ஏற்பாடுகள். ரேடியோ தூங்கப்போகிறது என்று அக்சஸ் பாயின்ட்டிடம் (வைஃபை வழங்கும் ரவுட்டர் போன்ற கருவி) சொல்லி, வரும் பாக்கெட்டுகளை அங்கேயே நிறுத்திவைக்கச் செய்வது ஒன்று, இது வைஃபையின் அடிப்படைத் தரமான 802.11 நெறிமுறையின் வேலை. சிப்பின் உட்பகுதிகளை அணைத்து மீண்டும் எழுப்புவது மற்றொன்று. இதில் எதிர்த்தரப்பு, சிப்புக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேர். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பையே தணிப்பது மூன்றாவது. இது கணினிப் பலகையில் இருக்கும் மேல்முனைப் போர்ட்டோடு செய்துகொள்வது. இந்த மூன்றில் எது தவறினாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இணைப்பு துண்டிக்கப்பட்டது. மூன்றையும் சேர்த்து இயக்கிவிட்டு, பிறகு வரும் புகாரிலிருந்து எந்த அடுக்கு குற்றவாளி என்று கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

எனவே ஒவ்வொரு அடுக்குக்கும் தனிச் சுவிட்சு வைத்து, ஒன்று நிலைபெற்ற பிறகே அடுத்ததைத் தொடுவது என்று முடிவெடுத்தோம். எங்களுக்கு மிகவும் கைகொடுத்த உத்தி முதல் அடுக்கிலேயே இருந்தது. அக்சஸ் பாயின்ட்டிடம் "நான் தூங்குகிறேன்" என்று அறிவிப்போம். ஆனால் சிப்பைத் தூங்கவிட மாட்டோம். தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில் வந்த ஃபிரேம்களை (காற்றில் செல்லும் வைஃபை தரவுத் துண்டுகளை) டிரைவர் எண்ணிவிட்டு ஒதுக்கிவிடும். பாக்கெட் தொலைந்தால் பிழை நெறிமுறைத் தர்க்கத்தில் மட்டுமே இருக்க முடியும். அதைவிடப் பெரிய ஆதாயம், சிப் விழித்திருப்பதால், உண்மையிலேயே தூங்கியிருந்தால் எந்தெந்த ஃபிரேம்களைத் தவறவிட்டிருப்போம் என்று எண்ணிப் பார்க்க முடிந்தது.

அக்சஸ் பாயின்ட்டோடு நடக்கும் பேச்சு

ஒவ்வொரு வைஃபை ஃபிரேமின் தலைப்பிலும் மின்மேலாண்மைக்கென ஒரு பிட் உண்டு. அதை 1 ஆக வைத்துத் தரவே இல்லாத ஒரு வெற்று ஃபிரேமை அனுப்பினால், அக்சஸ் பாயின்ட் அந்தக் கணினிக்கு வருவனவற்றைச் சேமித்துவைக்கத் தொடங்கும். சேமித்தது உண்டா என்பதை ஒவ்வொரு பீக்கனிலும் (தன் இருப்பைத் தெரிவிக்கச் சீரான இடைவெளியில் அது அனுப்பும் ஃபிரேம்) ஒரு பிட்வரிசையாக அறிவிக்கும். பீக்கன் இடைவெளி பெரும்பாலும் 100 அலகுகள். ஓர் அலகு 1,024 மைக்ரோ வினாடி என்பதால் அது 102.4 மில்லி வினாடி. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒலிபரப்பு ஃபிரேம்கள் இன்னும் அரிதாக, குறிப்பிட்ட பீக்கன்களுக்குப் பின் மட்டுமே வரும். அந்தச் சிறப்புப் பீக்கனை டிடிஐஎம் என்கிறோம். மூன்று பீக்கன்களுக்கு ஒருமுறை என்று அமைத்திருந்தால் இடைவெளி 307.2 மில்லி வினாடி.

லினக்ஸில் இதன் பெரும்பகுதியை, வைஃபை டிரைவர்களுக்குப் பொதுவான மேக்80211 அடுக்கே பார்த்துக்கொள்கிறது. போக்குவரத்து நின்று, இயல்பாக 100 மில்லி வினாடி கடந்ததும், அது தூக்க அறிவிப்பை அனுப்பும். டிரைவரின் பொறுப்பு அதன் பிறகு, எப்போது எழுவது, எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பதில் தொடங்குகிறது.

இந்த இடத்தில்தான் முதல் பிழை வெளிப்பட்டது. மடிக்கணினியிலிருந்து வெளியே போகும் எல்லா இணைப்புகளும் ஒழுங்காக வேலை செய்தன. இணையம், கோப்புப் பரிமாற்றம் எதிலும் குறையில்லை. ஆனால் சிறிது நேரம் சும்மா இருந்த மடிக்கணினியை அதே வலையமைப்பின் மற்றொரு கணினியிலிருந்து அணுக முயன்றால் பதில் வரவில்லை. மடிக்கணினி தானாக எதையாவது அனுப்பியதும் மறுபடி எல்லாம் சரியானது. இந்த அறிகுறியைப் பார்த்தவுடன் ஏஆர்பி கேள்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும். "இந்த முகவரி யாருடையது" என்று கேட்கும் அந்த ஃபிரேம் ஒலிபரப்பாக வருவது. கேள்வி தொலைந்தால் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் மற்ற கணினிக்கு இந்த மடிக்கணினி இருப்பதே தெரியாது.

எண்ணிக்கை அதை உறுதிசெய்தது. டிடிஐஎம் பீக்கன் வந்ததும் விழித்த நிரல், தனக்கென்று சேமித்த தனிப் பாக்கெட் இல்லை என்று கண்டு உடனே தூங்கப்போயிருக்கும். அதே பீக்கனில் ஒலிபரப்பு ஃபிரேம்கள் உண்டு என்று சொல்லும் பிட்டை அது பார்க்கவே இல்லை. அந்தப் பிட்டைப் பார்க்கச் செய்ததும் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. ஒலிபரப்பு ஃபிரேம்கள் ஒவ்வொன்றிலும் "இன்னும் இருக்கிறது" என்ற பிட் இருக்கும். கடைசி ஃபிரேமில் அது 0 ஆகும். அதுவரை விழித்திரு என்பது விதி. ஆனால் ஒலிபரப்பு ஃபிரேமுக்கு ஒப்புதல் கிடையாது, மறுமுறை அனுப்புதலும் கிடையாது. அந்தக் கடைசி ஃபிரேம் காற்றில் தொலைந்துவிட்டால், டிரைவர் வராத ஒன்றுக்காக விடிய விடிய விழித்திருக்கும். பயனர் எந்தக் குறையையும் உணரமாட்டார். பேட்டரி மட்டும் கரையும். அடுத்த பீக்கன் வந்தும் முடிவு தெரியவில்லை என்றால் காத்திருப்பைக் கைவிடு என்ற விதியைச் சேர்த்தோம். ஏத்9கே டிரைவரிலும் இதே நிலைமைக்கு இதே தீர்வு இருக்கிறது.

அலைவரிசைத் தேடலும் இதே மின்மேலாண்மைப் பிட்டைத்தான் பயன்படுத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேறு அலைவரிசைக்குப் போகும்போது கணினி தூங்குவதாக அறிவித்துவிட்டுப் போகும். திரும்பியதும் விழித்ததாக அறிவிக்கும். தேடல் நடக்கும்போது டிரைவரின் உறக்க நேரம் முடிந்து சிப் தூங்கிவிட்டால், "விழித்தேன்" என்ற அறிவிப்பைக் கேட்ட அக்சஸ் பாயின்ட் சேமித்தவற்றை எல்லாம் தூங்கும் சிப்பை நோக்கிக் கொட்டிவிடும். தேடல் தொடங்கும் முன் உறக்க வேலையை நிறுத்தி, முடிந்த பின் மீண்டும் தொடங்குவதே இதற்கு வழி.

நேரக் கணக்கு இன்னொன்று. தரம் அனுமதிக்கும் கடிகாரப் பிழை 0.01 சதவீதம். இரு பக்கக் கடிகாரங்களும் எதிரெதிர்த் திசையில் அவ்வளவு விலகினால், பத்துப் பீக்கன்கள், அதாவது 1.024 வினாடி தூங்கி எழும்போது சுமார் 205 மைக்ரோ வினாடி வித்தியாசம் சேர்ந்திருக்கும். உறக்கத்தில் சிப் துல்லியம் குறைந்த மெதுவான கடிகாரத்தில் ஓடினால் இடைவெளி இன்னும் கூடும். பீக்கன் நேரத்துக்குச் சரியாக எழுவது என்பது பீக்கனின் தலையைத் தவறவிடுவதற்குச் சமம். எழும் நேரத்தை முன்தள்ளி, ஒவ்வொரு பீக்கனிலும் கிடைக்கும் நேர முத்திரையைக் கொண்டு அந்த முன்தள்ளலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாப் பிட்டும் 1 ஆகத் திரும்பிய ரெஜிஸ்டர்

இரண்டாம் அடுக்கில் சிப்பை நிஜமாகவே தூங்கவைத்தோம். தூங்கும் சிப்பின் ரெஜிஸ்டரை (டிரைவர் படித்து எழுதும், சிப்பின் உள்ளேயுள்ள சிறு நினைவிடம்) படித்தால், பெரும்பாலும் 32 பிட்டும் 1 ஆக ஓர் எண் திரும்பும். பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். படித்தவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். பழைய நிரலில் நூற்றுக்கணக்கான இடங்களில் ரெஜிஸ்டர் படிக்கப்படுகிறது. சிப் எப்போதும் விழித்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை அனைத்தும்.

வழக்கமான ஏற்பாடு, ஒரு பயன்பாட்டு எண்ணிக்கை. சிப்பைத் தொட விரும்புபவர் எண்ணிக்கையை ஒன்று கூட்டுவார், முடித்ததும் ஒன்று குறைப்பார், பூஜ்யமானால் உறங்கலாம். காகிதத்தில் இது குறையில்லாத ஏற்பாடு. ஆனால் இணைப்பு எப்போதாவது ஒருமுறை காரணமின்றி அறுந்துகொண்டே இருந்தது. தடப்பதிவில் அறுந்த கணத்துக்குச் சற்று முன்னால் இருந்த வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது கதை தெளிவானது.

சிப்பைத் தூங்கவைக்கும் நிரல்பகுதியான உறக்க வேலை எண்ணிக்கையைப் பார்க்கிறது: பூஜ்யம். அதற்குள் செயலியின் மற்றொரு கோரில் பாக்கெட் அனுப்பும் பாதை எண்ணிக்கையை ஒன்றாக்குகிறது. "நிலை: விழிப்பு" என்று இன்னும் பதிவில் இருப்பதால் எழுப்பும் வேலையைத் தவிர்த்துவிடுகிறது. உறக்க வேலை, சற்று முன் பார்த்த பூஜ்யத்தை நம்பிச் சிப்புக்கு உறக்க ஆணையை எழுதுகிறது. அனுப்பும் பாதை ரெஜிஸ்டரைப் படிக்கிறது; எல்லாப் பிட்டும் 1. "வன்பொருள் கடும் பிழை" என்பதற்கான பிட்டும் அந்த 32-இல் ஒன்று. டிரைவர் அதை உண்மை என்று நம்பிச் சிப்பை முழுவதுமாக மறுதொடக்கம் செய்கிறது. சிப்பில் எந்தப் பிழையும் இல்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றை உலுக்கி எழுப்பி, இணைப்பையும் அறுத்துவிட்டது நிரல்.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும் உறக்க ஆணையை எழுதுவதும் பிரிக்கமுடியாத ஒரே செயலாக, ஒரே பூட்டின் கீழ் நடக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. சிப் எழ மில்லி வினாடிகள் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை சுழல்பூட்டை (செயலியை ஓய்வின்றிச் சுழன்று காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு காத்திருக்க முடியாது. தூங்கிக் காத்திருக்கும் பூட்டை வைத்தால், பாக்கெட் அனுப்பும் பாதையும், வன்பொருள் அழைக்கும்போது ஓடும் இன்டரப்ட் கையாளியும் அதை எடுக்க முடியாது. ஆகவே கட்டமைப்பையே மாற்றினோம். அனுப்பும் பாதை ரெஜிஸ்டரைத் தொடவே தொடாது. பாக்கெட்டை வரிசையில் போட்டு, எழுப்பும் வேலையைத் தூண்டிவிட்டுத் திரும்பிவிடும். எழுப்பும் வேலை மட்டும் பூட்டை எடுத்து, சிப்பை எழுப்பி, எழுந்ததை ரெஜிஸ்டரில் உறுதிசெய்து, வரிசையை வடிக்கும். சிப்பைத் தொடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு எந்தக் கணத்திலும் ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும். இந்த வேலை முழுவதிலும் நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான்.

இன்டரப்ட் பக்கம் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. பழைய முறையில் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும். பக்கத்துச் சாதனம் அழைத்தாலும் நம் கையாளியும் கூப்பிடப்படும். அது "என்னுடையதா" என்று பார்க்க ரெஜிஸ்டரைப் படிக்கும். சிப் தூங்குவதால் எல்லாப் பிட்டும் 1 வரும். "ஆம், எல்லாமே என்னுடையவை" என்று முடிவு கட்டிவிடும். தனிச் செய்தியாக வரும் எம்எஸ்ஐ இன்டரப்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். அது கிடைக்காத பலகைகளுக்காக, கையாளி முதலில் எல்லாம் 1 என்ற மதிப்பைத் தனியாகச் சோதித்து ஒதுக்குகிறது. அட்டையே பிடுங்கப்பட்டிருந்தாலும் இதே மதிப்புதான் வரும் என்பதால், அதன்பின் பிசிஐ அமைப்புப் பகுதியிலுள்ள தயாரிப்பாளர் எண்ணைப் படித்து இரண்டையும் பிரித்தறிகிறோம். தூங்கும் சிப் அங்கே பதில் சொல்லும். இல்லாத அட்டை சொல்லாது.

இணைப்பைத் தணித்தல்

மூன்றாம் அடுக்கு ஏஎஸ்பிஎம், அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு சும்மா இருக்கும்போது அதன் மின்செலவைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு. இதில் எல்0எஸ் என்ற மெல்லிய நிலையை நாங்கள் தொடவில்லை. அதில் கிடைக்கும் சேமிப்பு சிறிது. அது தந்த தொல்லைகளின் வரலாறு நீளம். பழைய ஏதெரோஸ் அட்டைகளுக்கான ஏத்5கே டிரைவர் தன் எல்லா அட்டைகளுக்கும் அதை அணைத்தே விடுகிறது. பயன் எல்1 நிலையிலும், அதைவிட ஆழமான எல்1.2 நிலையிலும்தான் இருக்கிறது.

எல்1-இல் இணைப்பு மீண்டெழ எடுக்கும் நேரத்தைச் சாதனம் தன் திறன் ரெஜிஸ்டரில் அறிவிக்கிறது. 1 மைக்ரோ வினாடிக்குக் குறைவு என்பதிலிருந்து 64 மைக்ரோ வினாடிக்கு மேல் என்பதுவரை அதற்குப் படிகள் உண்டு. வினாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் தரவு வந்துகொண்டிருக்கும்போது 64 மைக்ரோ வினாடி என்பது 8,000 பைட். 1,500 பைட் பாக்கெட்டுகளில் ஐந்துக்கும் சற்று அதிகம். சிப்பின் உள் நினைவகம் அதைத் தாங்கிவிடும். எல்1.2-இல் மின்சாரமே மீண்டும் வரவேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பை அதிகபட்சம் 3.1 மில்லி வினாடிவரை குறிப்பிட ரெஜிஸ்டர் இடம் தருகிறது. அதே வேகத்தில் அது 3,87,500 பைட். எவ்வளவு தாமதத்தைத் தாங்கமுடியும் என்று சிப்பே கணினிக்குச் சொல்லும் எல்டிஆர் செய்தி சரியாக இருந்தால்தான் இந்த நிலை பாதுகாப்பானது. அந்தச் செய்தியே வராத பலகையில் எல்1.2-ஐ இயக்கவே கூடாது.

ஏஎஸ்பிஎம் இணைப்பின் இருமுனைகளுக்கும் பொதுவானது. டிரைவர் தன் அட்டையின் பிட்டை மட்டும் நேரடியாக எழுதினால் எதிர்முனையோடு முரண்படும். லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பிசிஐ அடுக்கு வழியாகவே மாற்றவேண்டும். அட்டைக்கென்றே சில விலக்குகளும் தேவைப்படலாம். ரியல்டெக் சிப்புகளுக்கான லினக்ஸின் ஆர்டிடபிள்யூ88 டிரைவரில், ஆர்டிஎல்8821சிஇ சிப்புக்கு, வந்த பாக்கெட்டுகளை வாரியெடுக்கும் வேளையில் மட்டும் எல்1 நிலை நிறுத்திவைக்கப்படுகிறது. ஏத்9கே டிரைவரில் ஏஆர்9285 சிப்போடு புளூடூத்-வைஃபை உடனியக்க ஏற்பாடு இயங்கினால் ஏஎஸ்பிஎம் அணைக்கப்படுகிறது. இவற்றை ஒட்டுப்போடும் வேலை என்று நான் இகழமாட்டேன். வன்பொருளின் உண்மை அது. டிரைவர் அதை மதித்தாக வேண்டும்.

வெளியிட்ட விதம்

சோதனையில் பரிமாற்ற வேகத்தை அளப்பது இங்கே அதிகம் உதவாது. முழு வேகத்தில் ஓடும் சிப் தூங்குவதே இல்லை. நெடுநேரம் சும்மா விட்டு வெளியிலிருந்து அணுகுவது, தேடலும் பரிமாற்றமும் ஒன்றாக நடக்கும்போது கணினியை உறக்கநிலைக்கு அனுப்பி எழுப்புவது, டிடிஐஎம் மதிப்பு 1-க்கும் 3-க்கும் மாற்றிப் பார்ப்பது, சிப் தூங்கும் கணத்தில் டிரைவரை நினைவகத்திலிருந்து நீக்குவது ஆகியவைதான் பிழைகளை வெளியே கொண்டுவந்தன. எழுப்பும் பாதை தோற்கும்படி செயற்கையாகப் பிழையைப் புகுத்தியும் பார்த்தோம். தோல்வியிலிருந்து மீளும் நிரலைத் தானாக எந்தச் சோதனையும் ஓடவைக்காது. சேமிப்பை அளக்க, சுவிட்சு இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சிப் எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கியது, எந்தக் காரணத்தால் எழுந்தது என்று எண்ணும் கணக்கிகளை டிரைவரிலேயே வைத்தோம்.

இயல்பாக இயங்கும் பட்டியலில், சோதித்து உறுதிசெய்த சிப் திருத்தப் பதிப்புகளும் ஃபர்ம்வேர் பதிப்புகளும் மட்டுமே இருக்கின்றன. மற்றவற்றுக்குப் பயனர் விரும்பினால் அளவுரு கொடுத்து இயக்கிக்கொள்ளலாம். எழுப்பும் முயற்சி தொடர்ந்து தோற்றால், டிரைவர் அந்த ஒரு அடுக்கை மட்டும் அடுத்த மறுதொடக்கம்வரை தானாகவே அணைத்து, எந்த அடுக்கு, எந்த ரெஜிஸ்டர் மதிப்பு என்பதைக் கெர்னல் பதிவில் எழுதிவைக்கிறது. பயனருக்கு வைஃபை தொடர்ந்து கிடைக்கும். எங்களுக்குப் புகாரோடு தடயமும் வந்துசேரும்.

இப்போது நெறிமுறை உறக்கமும் சிப் உறக்கமும் பட்டியலில் உள்ள எல்லா அட்டைகளிலும் இயல்பாக இயங்குகின்றன. எல்1 பெரும்பாலானவற்றில் இயங்குகிறது. எல்1.2 மட்டும், எல்டிஆர் செய்தி ஒழுங்காக வருகிறது என்று டிரைவர் ஏறும்போதே சரிபார்க்க முடிந்த பலகைகளில் திறந்திருக்கிறது. சிப்பின் பழைய திருத்தப் பதிப்பில் அது மூடியே இருக்கிறது. அந்தப் பதிப்பில் உறக்கத்திலிருந்து எழும்போது மெதுக் கடிகாரம் நிலைபெறும் முன்பே ஃபர்ம்வேர் "தயார்" என்று அறிவித்துவிடுகிறது. ஃபர்ம்வேர் திருத்தம் வரும்வரை அதைத் திறக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.